நெத்திலி காய வைத்த ஆம்ப்

பரந்தாமனின் பழைய மைக்செட் கடையில் சாமான் வாங்கப் போகிறவர்கள் காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. கிதாரின் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. அன்று பிலோமினாவுக்கும் கிடையாது.

பிலோமினா யாரென்றால், ஸ்பீக்கர் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மேடையேறி, ஒரு நாள் அந்த மேடையிலேயே மைக்கைப் பிடித்துக்கொண்டவள். இப்போது சொந்தமாக மெல்லிசைக் குழு. கோபம் மூக்கு நுனியில். நாக்கு அதற்கும் ஒரு முழம் முன்னால். சாயங்காலம் காசிமேட்டில் மாதா கோயில் திருவிழாக் கச்சேரி. காலையில் பார்த்தால், கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சாக எரியும் அவளுடைய பழைய ஆம்ப் புகைந்து செத்துக் கிடக்கிறது. கிதார் இல்லாமல் மேடையேறினால் அடுத்த வருஷம் அந்த மேடை 'ராக்கெட்' ரமணன் குழுவுக்குத்தான். ரமணன் இப்போதே கமிட்டி ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதாகக் கேள்வி.

ஆகவே சிந்தாதிரிப்பேட்டைச் சந்து, பரந்தாமன் கடை, கூடவே கிதார்க்காரன் கிளமெண்ட்.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. பேரம் நடக்கும்போது 'பொய்' என்ற வார்த்தையை யார் முதலில் விடுகிறாரோ, அவர் எதிராளி சொல்லும் விலைக்குத் தலையாட்டிவிட வேண்டும். முன்பெல்லாம் அந்த வார்த்தையில்தான் கைகலப்பு ஆரம்பித்து, விற்க வைத்த சாமானெல்லாம் உடைந்துகொண்டிருந்ததாம். போன தடவை ஒரு மைக் வாங்க வந்து, பரந்தாமன் வாயைத் திறந்ததுமே "பொய்!" என்று கத்தி, சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனவள் பிலோமினா. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"வாயத் தொறந்தே, தொலைச்சிடுவேன்" என்று கிளமெண்டை எச்சரித்துவிட்டுத்தான் படியேறினாள்.

பரந்தாமன் ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்து வைத்தான். கிளமெண்ட் கிதாரைச் செருகினான். சுவிட்சைத் தட்டிய மறுநொடி, பின்பக்கக் கம்பி வலைக்குள் ஆரஞ்சு வெளிச்சம் பூத்தது, சத்தமும் கும்மென்று கிளம்பிற்று. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி கிளமெண்ட் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமினா வலைமேல் கையை வைத்தாள். எடுத்தாள்.

"அசல் வால்வு, யக்கா," என்று ஆரம்பித்தான் பரந்தாமன். "வால்வுன்னா சூடு. போன மழைக்கு இது மேலதான் நெத்திலி காய வச்சேன். எதிர்ல டீக்கடை கீது பாரு, அவன் ஸ்டவ்வையே வித்துட்டான். பால் பாத்திரத்த இங்கதான் கொண்டாந்து வைப்பான்."

கிளமெண்டின் வாய் திறந்தது. பிலோமினா அவன் காலை மிதித்தாள். மூடிக்கொண்டது.

"கிதார்லேர்ந்து வர்ற சத்தம் இருக்கே, அது கொசு. முதல் வால்வு கொசுவ காக்கா ஆக்கும். ரெண்டாவது அந்தக் காக்காவ கழுகாக்கும். இந்தக் கெயின் திருகு எதுக்கு? தம்ளர்ல குடத்துத் தண்ணிய ஊத்துறதுக்கு. கொள்ளாம வழியும் பாரு, அந்த வழியல்தான் கர்ர்ருனு கேக்குறது. ஒரு நாள் தெரியாத்தனமா முழுசாத் திருப்பிட்டேன். கழுகுக்குக் கடை பத்தல. ஷட்டரப் பேத்துக்கினு போயிடுச்சு. ஆவடில போய் எடுத்தாந்தேன். மரியாதையா சுருட்டி வச்சிருந்துச்சு."

"யாரு, கழுகா?" என்று கிளமெண்ட் கேட்டே விட்டான்.

"பின்ன, நானா?"

மறுபடி மிதி. இந்த முறை குதிகாலால்.

சந்தில் ஆள் சேர்ந்துவிட்டது. டீக்கடைக்காரன் தம்ளரோடு வந்து நின்றான். கூட்டத்தைப் பார்த்தால் பரந்தாமனுக்கு இறக்கை முளைத்துவிடும்.

"ட்ரெபிள்னா கூர்மை. இதத் திருப்புனப்போ ஒரு பெரியவரு இப்படிக்கா நடந்து போனாரு. கண்ணுல புரை. சத்தம் போய் புரைய மட்டும் நறுக்குனு சீவிடுச்சு, இமை முடி ஒண்ணு உதிரல! பாஸ் இருக்கே, அது கனத்த சத்தம், தரையில போவும். லேசா ஏத்துனேன், துறைமுகத்துல நின்ன கப்பலு நங்கூரத்தத் தானே தூக்கிக்கினு கிளம்பிடுச்சு. ரிவர்ப் எதிரொலி குடுக்கும், உள்ள ஸ்பிரிங்கு கீது. போன ஆடில ஒரே ஒரு தந்தியத் தட்டுனேன். போன சத்தம் இன்னும் திரும்பி வரலக்கா. வழியில எங்கயோ நிக்குது."

பிலோமினாவின் தொண்டைக்குள் அந்த வார்த்தை வந்து முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. பரந்தாமன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பாம்பாட்டி கூடையைப் பார்ப்பது மாதிரி. அவள் ரமணனை நினைத்துக்கொண்டாள், அவன் வாங்கித் தரும் டீயை நினைத்துக்கொண்டாள், எச்சிலை விழுங்கினாள்.

"நம்புறேன் பரந்தாமா," என்றாள்.

கூட்டம் அவளையே திரும்பிப் பார்த்தது. பரந்தாமனுக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"ஒவ்வொரு வார்த்தையும் நம்புறேன். அதான் எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. ஷட்டர் ஆவடி போச்சுன்னா, என் கச்சேரிப் பந்தல் எங்க போவும்? துணிப் பந்தல்ப்பா! மாதா கோயில் பங்குச் சாமியாருக்குக் கண்ணுல புரையே கெடையாது. புரை இல்லாத கண்ணுல உன் ட்ரெபிளு எத்தப் போய் சீவும்?"

"யக்கா, அது..."

"இரு, நான் முடிக்கல. திருவிழாவுக்கு வர்றவன் பூராவும் மீன்புடி போட்டு வச்சிருக்கறவன். பாஸ் ஏத்துனா அத்தினி போட்டும் ஆளில்லாமக் கெளம்பிடும். அவன் நாளைக்கு மீன் புடிக்க நீந்தியா போவான்? போன ஆடில நீ அனுப்புன சத்தம், நான் மாதா பாட்டு பாடறப்போ வந்து எறங்குச்சுன்னா யாரு பதில் சொல்றது? இம்மாம் பெரிய ஆபத்த ஊருக்கு நடுவுல வச்சிருக்க. போனாப் போவுதுன்னு இத இங்கேர்ந்து எடுத்துக்கினு போறேன்னு நான் வந்தா, நீ என்கிட்டயே வெல கேக்குற?"

"அதானே!" என்றான் டீக்கடைக்காரன். "எம்மாம் பெரிய மனசு!"

"போலீசு ஸ்டேசன் பக்கத்துலதான். இந்த மாதிரி ஒரு சாமான் இங்க கீதுன்னு சொல்லிட்டுப் போயிடவா? நீ சொன்னத அப்படியே சொல்றேன். ஒண்ணும் சேக்க மாட்டேன்."

பரந்தாமனின் நெற்றி வேர்த்தது. "யக்கா, கப்பலெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னா?"

"அதான்... வியாபாரத்துல..."

"வியாபாரத்துலன்னா? கப்பல் போச்சா, போவலியா?"

"போவலக்கா!"

"அப்ப கழுகு?"

"ஐயோ, எல்லாம் பொய்யுக்கா!"

சந்தே ஓவென்று கத்தியது. பரந்தாமன் வாயைப் பொத்தினான். பொத்தி என்ன பிரயோஜனம்? பிலோமினா தன் விலையைச் சொன்னாள். கேட்டு டீக்கடைக்காரனே "அடேங்கப்பா" என்றான். பரந்தாமன் தலையாட்டினான்.

பெட்டியைத் தூக்கும்போது கிளமெண்ட் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அசல் வால்வு ஆம்ப், இந்த வெலைக்கு! ரமணன் வயிறெரிஞ்சே செத்துடுவான்க்கா!"

"சும்மா கெடடா. நம்ம பழசு வாயத் தொறக்க எம்மா நேரம் ஆவும்? போட்டுட்டு டீ குடிச்சிட்டு வருவ, அப்பதான் முனகும். சூடாவாம எந்த வால்வுடா பேசும்? இது சுவிட்சு தட்டுன ஒடனே கத்துச்சு. கை வச்சா சில்லுனு கீது. உள்ள டிரான்சிஸ்டர் போர்டுதான். ஆனா ஸ்பீக்கரு நல்ல ஸ்பீக்கரு, பொட்டி நல்ல மரம். சத்தத்துல பாதி அதுலதான் கீது. இன்னிக்குத் தாங்கும்."

கிளமெண்டின் முகம் தொங்கிப் போயிற்று. "அப்ப அந்த ஆரஞ்சு வெளிச்சம்?"

பிலோமினா வலையை விலக்கி, உள்ளே கையை விட்டு ஒரு திருகு திருகினாள். வெளியே வந்ததை பரந்தாமனின் கல்லாமேல் வைத்தாள். ஆரஞ்சு நிற ஜீரோ வாட் பல்பு, வீட்டில் சாமி படத்துக்குப் போடுவது.

"இத நீயே வச்சுக்க பரந்தாமா," என்றாள். "அடுத்த கப்பல் கெளம்புறப்போ துறைமுகத்துல வெளிச்சம் வேணும்ல."