கரையில் அடக்கிய மூச்சு

"எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுங்க தம்பி. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

கோகிலவாணி இதைச் சொன்னபோது அவள் கையில் ஒரு படிவம் இருந்தது. மறுநாள் அலைச்சறுக்குப் போட்டி. மகள் ஓவியாவுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் நான்கு மாதம் இருந்தது. அம்மா கையெழுத்துப் போடாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

தம்பி என்று அவள் அழைத்தது தேசப்பனை. மீனவர் வீட்டுப் பிள்ளை, வயது இருபத்தெட்டு. அந்தக் கரையில் சறுக்குப் பலகை தூக்கித் திரிகிற அத்தனை பேருக்கும் அவன்தான் மாஸ்டர். குரு என்றால் தாடியாவது இருக்க வேண்டும். இவனுக்கு மீசையே தயங்கித் தயங்கித்தான் முளைத்திருந்தது.

அவன் படிவத்தை வாங்கவில்லை. டீ குடித்தீர்களா என்று கேட்டான்.

பெருந்துறையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கண் மூடாமல் வந்தவளுக்கு அது எரிச்சலாக இருந்தது. சென்னையில் படிக்க அனுப்பிய பெண் சனிக்கிழமைதோறும் இங்கே வந்து கடலில் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறாள். அது போன வாரம்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

ஊரும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாய்கள் நடுரோட்டில் தூங்கின. வண்டிகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போயின. ஒன்பது மணிக்கு மேல்தான் கடைக்காரர்கள் சோம்பல் முறித்தார்கள். வளர்ந்த ஆம்பிளைகள் மரத்தில் தூளி கட்டி ஆடினார்கள். யாருக்கும் வயிற்றில் நெருப்பு இல்லை. ஊருக்கே சேர்த்து அவள் ஒருத்தி பயப்பட வேண்டியிருந்தது.

ஓவியா அப்போதே கடலில் இருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு பயிற்சியாளன் பலகைமேல் உட்கார்ந்திருந்தான்.

ஒரு அலை வந்தது. ஓவியா எழுந்து நின்றாள். விழுந்தாள். காணவில்லை. பிறகு தலை தெரிந்தது.

தேசப்பன் கடலைப் பார்க்கவில்லை. கோகிலவாணியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ முங்குனப்போ நீங்க இன்னா பண்ணீங்க?"

"நான் என்னத்தப் பண்ணுனேன்? பாத்துட்டு இருந்தேன்."

"மூச்ச அடக்குனீங்க."

அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஏழு வருஷமாக இப்படித்தான் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஆடி மாதம், வாய்க்காலில் புதுத் தண்ணீர். அவள் கணவன் குளிக்க இறங்கினான். கரையில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தத் துணியை ஏன் அப்போது பிழிந்தோம் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. அன்றைக்கு எடுத்த கண்ணை மகள்மேல் வைத்தவள், பிறகு எடுக்கவே இல்லை; சென்னைக்கு அனுப்பிய பிறகும் போனிலேயே காவல் இருந்தாள். கண்ணை எடுத்தால் இவளும் போய்விடுவாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

தேசப்பன் ஆறுதல் சொல்லவில்லை. மணலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்போ நல்லாவே அடக்குங்கம்மா. அவ முங்குனா நீங்களும் அடக்குங்க. அவ தலை தெரியற வரைக்கும் உடாதீங்க."

அவன் கேலி செய்கிறானா என்று பார்த்தாள். செய்யவில்லை.

கோகிலவாணிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இவ்வளவு நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கோயிலுக்கு நேர்ந்துகொண்டவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஓவியா விழுந்தாள். கோகிலவாணி அடக்கினாள். தலை தெரிந்தது. விட்டாள்.

மறுபடியும் விழுந்தாள். அடக்கினாள். தலை தெரிந்தது.

மூன்றாவது முறை கொஞ்சம் நேரமானது. நெஞ்சு அடைத்தது. விடவில்லை. தலை தெரிந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள். "நான் விடலீங்க."

தேசப்பன் கடலைக் கை காட்டினான்.

அடுத்து வந்த அலை பெரியது. அதன் முதுகிலேயே இன்னொன்றும் ஏறி வந்தது. முதல் அலை ஓவியாவைக் கவிழ்த்தது. அவள் மேலே வருமுன் இரண்டாவது அதே இடத்தில் விழுந்தது.

கோகிலவாணி அடக்கினாள்.

நுரை மட்டும் தெரிந்தது. பலகை தனியாகக் கிடந்து ஆடியது. காது இரைந்தது. மணலை அள்ளி இறுக்கினாள். கண் இருண்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. மூச்சு உள்ளே பாய்ந்தது.

கடலில் தலை இல்லை.

கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். மறுபடியும் நானே கொன்றுவிட்டேன்.

அவள் எழுந்து ஓடப் போனாள். புடவை தடுக்கி மணலிலேயே உட்கார்ந்தாள். மூச்சு மட்டும் அவளைக் கேட்காமல் வந்து வந்து போனது.

அப்போது பலகையின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. பிறகு தலை. ஓவியா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பலகையில் ஏறிப் படுத்து, கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு மறுபடியும் கடலுக்குள் போனாள்.

"நான் விட்டுட்டேனுங்க," என்றாள் கோகிலவாணி. அழுகை வந்துவிட்டது. "அவ வர்றதுக்கு முந்தியே விட்டுட்டேன்."

"பாத்தேன்."

"அப்புறமும் அவ வந்துட்டாளே?"

"உங்க மூச்சு தீந்துபோச்சும்மா. அவளாண்ட இன்னும் ஒரு நிமிஷத்து மூச்சு இருந்துச்சு."

கோகிலவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப இத்தன வருசமா நான் அடக்குனது எதுக்குங்க?"

தேசப்பன் தெரியவில்லை என்றான். தன் அம்மாவும் இப்படித்தான், தான் கடலுக்குப் போனால் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்றான். பிறகு யாரோ கூப்பிட, பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ஓவியா இன்னும் நாலு தடவை விழுந்தாள். கோகிலவாணி உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை மணிக்கு மகள் சிரித்துக்கொண்டே கரையேறினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பயந்துட்டீங்களாம்மா?"

"பயந்தேன் சாமி. இன்னமும் பயமாத்தான் இருக்குது," என்றாள் கோகிலவாணி. "எந்த எடத்துல கையெழுத்துப் போடோணும்?"