மெல்லக் கூப்பிட்டவர்

"பிறக்காமலே இருந்திருந்தா அவளுக்கு என்ன குறைஞ்சிருக்கும், அம்மை?"

மாசிலாமணி வைத்தியர் மடத்துக்கு வந்த அன்றே கேட்டது இது.

உலகம்மை அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பூசணி நறுக்கத் தெரியுமா?"

தெரியும் என்றார். அரிவாள்மணையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, உலை கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போனாள்.

அன்றைக்கு அவ்வளவுதான் பதில்.

மலைக் கணவாய்க்கு ஏற்றம் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மடம். அதற்குத் தலைவியும் உலகம்மைதான், சமையலும் அவள்தான். வைத்தியரைவிட வயதில் இளையவள். அவளிடம் ஞானம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் சோறு தின்று, கை கழுவி, கேட்க வந்ததை மறந்து போய்விடுவார்கள்.

வைத்தியர் போகவில்லை. போக இடமும் இல்லை.

அவருக்கு ஒரே மகள், பவளம். பால்பல் விழத் தொடங்கின வயதில் படுத்தாள். சுற்றுவட்டாரத்து நோயெல்லாம் தீர்த்த கை, அவள் நோய்க்கு முன்னால் செயலற்றுக் கிடந்தது. மழைக்காலத்தில் படுத்தவள், அடுத்த மழை வருவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

வருஷம் திரும்பியதும், இன்னொரு பிள்ளை வேண்டும் என்றாள் வடிவு, அவர் மனைவி.

அன்றைக்குக் கிளம்பியவர்தான்.

காய் நறுக்கும்போதெல்லாம் வைத்தியர் பேசினார். பிறந்தவளுக்கு வலி உண்டு, சந்தோஷமும் உண்டு. பிறக்காதவளுக்கு வலியே இல்லை. சந்தோஷம் கிடைக்கவில்லையே என்று அழுவதற்கு அங்கே ஆளும் இல்லை. அப்படியிருக்க, ஒரு உயிரைக் கூட்டிவந்து, இந்தா வலி, பொறுத்துக்கொண்டால் நடுவில் கொஞ்சம் இனிப்பும் தருகிறேன் என்று சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது?

"உப்புப் போட்டாச்சா?" என்பாள் உலகம்மை.

ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதான் உப்பு முக்கியமாத் தெரியுது."

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"நானும் இந்தக் கேள்வியோடதான் இங்க வந்தேன், வைத்தியரே. அப்ப இருந்தவங்க என் கையில கரண்டியைக் குடுத்தாங்க. இன்னும் கிளறிக்கிட்டுதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம். உச்சிவேளையில் சமையல் முடிந்ததும் ஒருவர் வாசலுக்குப் போய்ப் பாதையின் இரு பக்கமும் திரும்பி, "பசித்தவர் உண்டா?" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் இலை போடலாம். வழிப்போக்கர்களும் கூப்பிடாமல் படியேற மாட்டார்கள். எவ்வளவு பசித்தாலும் சரி, மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

நாளடைவில் அந்தக் கூப்பிடும் வேலை வைத்தியருக்கு வந்து சேர்ந்தது.

அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்த நாளில், உப்பு வண்டிக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வடிவு சொல்லி அனுப்பியது. இன்னொரு பிள்ளை உண்டு என்றால் வீட்டுக்கு வரட்டும். இல்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். அவள் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், பிறகு எதுவும் கேட்க மாட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம் உப்பை இறக்கிவிட்டு இரண்டொரு நாளில் திரும்புவேன், அப்போது பதில் சொன்னால் போதும் என்று வண்டிக்காரர் போனார்.

அன்று மதியம் பேச்சிமுத்து சாப்பிட வந்தார். ஊர் ஊராய்ப் போய், உரத்துக்காக வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவர். அவர் வாய் முழுக்கப் புண்.

உலகம்மையின் ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்கும். பேச்சிமுத்து ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக்கி மூடினார். கன்னத்தில் நீர் வழிந்தது. தரையைத் தட்டித் தட்டிச் சாப்பிட்டார்.

வைத்தியரால் பார்க்க முடியவில்லை. பவளத்துக்கும் கடைசியில் வாயெல்லாம் புண்தான்.

மறுநாளும் உச்சிவேளை வந்தது. வைத்தியர் வாசலுக்குப் போனார். எதிரே புளியமர நிழலில் ஆடுகள். நடுவில் பேச்சிமுத்து, மடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ரசம் கொதிக்கும் வாசனை வந்தது.

வைத்தியர் இரு பக்கமும் திரும்பினார். "பசித்தவர் உண்டா?" என்றார். பக்கத்தில் யாராவது நின்றிருந்தால்கூடக் கேட்டிருக்காது.

பிறகு உள்ளே வந்து இலை போட்டார்.

எச்சில் இலையைப் போட வெளியே போன உலகம்மை, புளியமரத்தடியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"எப்படிக் கூப்பிட்டீங்க?"

வைத்தியர் பொய் சொல்லத் தெரியாதவர். அந்த மனுஷன் வாயில் இருக்கிற புண்ணுக்கு ஒரு வேளை பட்டினி மேல் என்று பட்டது, அதனால் மெல்லக் கூப்பிட்டேன் என்றார்.

அவள் திட்டவில்லை.

"போய் அவர்கிட்ட அதைச் சொல்லிட்டு வாங்க."

வைத்தியர் போய்ச் சொன்னார்.

பேச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உம்ம வாய் அசைஞ்சுது, சத்தம் வரல. வைத்தியருக்கே தொண்டை கட்டிக்கிட்டு போலன்னுல்லா நினைச்சேன்."

பிறகு கொஞ்சம் நிதானமாகக் கேட்டார். "என் வாயில புண்ணு இருக்கது எனக்குத் தெரியாதாவே?"

வைத்தியர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். உலகம்மை சோறு போட்டாள். வைத்தியரே ரசம் ஊற்றினார். பேச்சிமுத்து நேற்று அழுத மாதிரியேதான் அழுதார். தரையைத் தட்டினார்.

"எரியுதா?"

"எரியாம?"

"பிறகு எதுக்கு?"

"நல்லா இருக்குல்லா." பேச்சிமுத்து வலது கையைக் குவித்து நீட்டினார். "இதுல கொஞ்சம் ஊத்தும்."

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பிறகும் வைத்தியர் தூணில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். உலகம்மை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னு தெரியுது," என்றார். "ஆனா அது பொருந்தாது, அம்மை. பேச்சிமுத்து ஏற்கெனவே வந்தவர். அவருக்குப் பசி இருக்கு, மரத்தடியில காத்திருந்தாரு. பிறக்காத பிள்ளை எந்த மரத்தடியிலயும் காத்திருக்கலை. அதைக் கூப்பிடாட்டா அது பட்டினி கிடக்காது."

உலகம்மை தேய்ப்பதை நிறுத்தினாள். யோசித்தாள்.

"சரிதான்," என்றாள்.

வைத்தியர் அதை எதிர்பார்க்கவில்லை.

"வராத பிள்ளைக்கு என்ன நியாயம்னு எனக்குத் தெரியலை. நான் கேக்க நினைச்சது வந்தவளைப் பத்தி. பவளத்துக்குப் பத்தியம் வச்சீங்களா?"

வைத்தியர் வீட்டில் இது கேட்க வேண்டிய கேள்வியா? உப்பு இல்லை, புளி இல்லை, இனிப்பு இல்லை. அரிசிக் கஞ்சி மட்டும். கல்லுப் போல நின்று காவல் காத்ததாகச் சொன்னார்.

"அவ என்ன சொன்னா?"

"குழந்தை, அவ என்ன சொல்வா?"

அப்புறம் அவர் குரல் மாறியது. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டினபோது, தலைமாட்டில் ஒரு துணி முடிச்சு கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் கருப்பட்டித் துண்டு. அவருக்குத் தெரியாமல் வடிவுதான் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து வடிவிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. பெற்றவளே பத்தியத்தை முறித்துவிட்டாள்.

"முழுத் துண்டா?"

"பாதி."

"உடைச்ச பாதியா?"

"இல்ல. பல்லு பதிஞ்சிருந்துது."

"இவ்வளவு ஆசையாக் கடிச்சவ, மீதியை ஏன் முடிஞ்சு வச்சா?"

வைத்தியர் சட்டென்று பதில் சொன்னார். பிள்ளைகளை அறிந்த யாரும் சொல்லக்கூடிய பதில்தான்.

"நாளைக்கு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

உலகம்மை பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாவு இடிக்கப் போய்விட்டாள்.

வண்டிக்காரர் திரும்பி வந்தபோது மடத்து வாசலில் மாட்டை நிறுத்தினார். என்ன சொல்லணும், உண்டா இல்லையா என்று கேட்டார்.

"சொல்ல ஒண்ணும் இல்லை," என்றார் வைத்தியர். "கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு." வண்டியில் ஏறிக்கொண்டார்.

பாதையின் திருப்பத்தில் உச்சிவேளைக் குரல் கேட்டது. உலகம்மைதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெற்றுப் பாதையைப் பார்த்து, தொண்டை கிழிய.

பொழுது சாயுமுன் வீடு வந்துவிட்டது. வடிவு கொல்லையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து நின்றாள்.

வைத்தியர் கால் கழுவவில்லை. துண்டைக்கூடத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"வடிவு, அந்தக் கருப்பட்டியைக் கடிக்கையில பிள்ளை முகம் எப்படி இருந்துது?"

விறகு அவள் கையிலேயே இருந்தது. பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றுமேட்டில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க," என்றாள். "சொல்லுதேன்."