பேச்சிமுத்துவின் குடையும் வைத்தியரின் களிம்பும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையை நீங்களே சிரைத்துவிடுங்கள்.

சிங்கம்பாறை ஜமீனில் அது சித்திரை மாதம். பறக்கிற காக்கையின் நிழல்கூடத் தரையில் விழுந்ததும் கருகிப்போகிற வெயில். தாண்டவராய வைத்தியர் கற்றாழையும் ஆவாரம்பூவும் அரைத்த களிம்போடு வந்தார். "மகாராஜா, இதைப் பூசினால் பத்துக் குடை நிழல் கிடைக்கும். இனிமேல் குடைக்காரன் எதற்கு?"

குடை பிடிக்கும் பேச்சிமுத்துவை ஜமீன்தார் முறைத்தார். "ஏலே, இது எத்தனை குடைக்குச் சமம்? பொழுது சாய்வதற்குள் அளந்து சொல்லு. இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளையோடு ஊரைவிட்டுப் போ."

வெயிலை எந்தப் படியால் அளப்பது? பேச்சிமுத்து வைத்தியரின் வழுக்கைத் தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அளக்கிறேன் சாமி. வைத்தியரய்யா இதைப் பூசிக்கொண்டு முற்றத்தில் நிற்கட்டும். நான் பக்கத்தில் சும்மா குடையை விரித்துப் பிடிக்கிறேன்."

"சும்மா எதற்குடா?"

"அளவுகோல் வேண்டாமா சாமி?"

வழுக்கைத் தலை பளபளக்க வைத்தியர் உச்சிவெயிலில் நின்றார். களிம்பு உருகி மூக்கில் வழிந்தது. தலை தக்காளியாய்ச் சிவந்தது. கால் மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்தது. பேச்சிமுத்து அசையவே இல்லை.

"வைத்தியரே, எங்கே நிற்கிறீர்?" ஜமீன்தார் கத்தினார்.

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே குடை.

"அளந்தாச்சு சாமி," என்றான் பேச்சிமுத்து. "களிம்புக்கு மேலே இன்னும் ஒரு குடை வேணும்."

ஜமீன்தார் சிரித்த சிரிப்பில் பேச்சிமுத்துவின் வேலை தப்பியது.

யார் சொன்னது என்று மட்டும் எங்கேயும் வாய் திறந்துவிடாதீர்கள். என் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தருவது அந்த வைத்தியரின் பேரன்.