நாடாவை இழுத்துச் சென்ற ஊக்கு

கல்லிடைக்குறிச்சியில் இசக்கியம்மாள் வீட்டுப் பிஸ்கட் டப்பாவில் ஓர் ஊக்கு இருந்தது. உடம்பு வளையாது, முனை மழுங்காது, ஒரு சொல் கேட்டால் மறக்காது. மூன்றாவது குணம்தான் அதைக் கெடுத்தது.

அந்த வருஷம் சித்திரை பிறக்கும் முன்பே வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. இசக்கியம்மாளின் வீட்டுக்காரர் சொரிமுத்து வேட்டியோடு மொட்டைமாடியில் படுப்பார். விடியும்போது வேட்டி ஒரு மூலையில் கிடக்கும், அவர் ஒரு மூலையில் கிடப்பார். மகள் கடையில் வாங்கி அனுப்பிய பைஜாமாவோ இடுப்பை அறுத்தது. பட்டை போட்ட மாதிரி சுற்றிலும் வேர்க்குரு.

இசக்கியம்மாள் துவைத்துத் துவைத்து மெலிந்த எட்டு முழ வேட்டி ஒன்றைத் தரையில் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"நல்ல வேட்டியை ஏட்டி வெட்டுத?" என்றார் சொரிமுத்து.

"நல்ல வேட்டிதான். நேத்து விடியக்காலம் அது எங்க கிடந்துச்சுன்னு எதிர்வீட்டு மாடியில போயிக் கேளுங்க. துணி காயப்போட வந்தவ வாளியைப் போட்டுட்டுல்லா ஓடுனா."

அவர் குனிந்து வேட்டியின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தார்.

கடைப் பைஜாமாவைப் பிரித்து அளவுக்கு வைத்துக்கொண்டாள். அதன் இடுப்பிலிருந்த எலாஸ்டிக்கை உருவி டப்பாவுக்குள் எறிந்தாள்.

"வாரும். பதவி போயிட்டுதோ?" என்றது ஊசி.

"இறுக்கிப் பிடிச்சேன், திட்டினாங்க. கொஞ்சம் தளர்ந்தேன், பிடுங்கிட்டாங்க. இடுப்புக்கு நன்றியே கிடையாதுவே."

காலியான இடத்துக்கு ஆள் தயாராக இருந்தது. புதிதாக வாங்கி வந்த வெள்ளை நாடா டப்பாவின் விளிம்பில் சாய்ந்துகொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது.

"நான் யாரையும் இறுக்க மாட்டேன். எவ்வளவு இறுக்கணும்னு இடுப்பே சொல்லட்டும். சாப்பிட்டா தளர்த்திக்கலாம், பசிச்சா இறுக்கிக்கலாம். இனிமே நடக்கப்போறது இடுப்போட ஆட்சி."

பட்டன்கள் உருண்டு உருண்டு கைதட்டின.

ஒரே ஒரு சங்கடம். வேட்டித் துணியில் தைத்த புதுப் பைஜாமாவின் இடுப்பைச் சுற்றி இசக்கியம்மாள் விட்டிருந்த மடிப்புக்குள் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் வெளியே வந்தால்தான் நாடாவுக்குப் பதவி. நாடாவுக்குப் பேச்சு நீளம், முதுகெலும்பு கிடையாது. தானாக ஒரு விரற்கடை தூரம் போக அதனால் முடியாது. மெல்ல ஊக்கின் பக்கம் சரிந்தது.

"அண்ணாச்சி, நீங்க முன்னால போனா நான் பின்னால வாரேன்."

"போறேன். எனக்கு என்ன?"

"இப்படிக் கேக்கலாமா அண்ணாச்சி? முன்பக்கம், முடிச்சுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஓர் இடம். நாலு பேரு பாக்கத இடம். நான் இருக்கிற வரைக்கும் நீங்களும் அங்க இருப்பீங்க."

டப்பாவின் அடியில் கிடந்து கிடந்து ஊக்குக்கு வெளிச்சமே மறந்துபோயிருந்தது. அந்த இடத்தை நினைத்ததும் அதற்கு உடம்பெல்லாம் மினுங்கியது.

"நானும் இப்படிச் சொல்லித்தான் ஓர் ஊக்கைக் கூட்டிட்டுப் போனேன்," என்றது எலாஸ்டிக்.

"அது இப்ப எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

ஊக்கு அதைக் காதில் வாங்கவில்லை. நாடாவின் நுனியைக் கவ்வி வாயை மூடிக்கொண்டு மடிப்புக்குள் நுழைந்தது. உள்ளே ஒரே இருட்டு. இசக்கியம்மாளின் விரல்கள் வெளியிலிருந்து நெருக்கித் தள்ள, தலையால் முட்டி முட்டி நகர்ந்தது. துணியின் ஓரங்கள் கூடும் இடத்தில் தையல் மேடு தட்டியது. அங்கே மூன்று முறை முட்டி நாலாவது முறைதான் தாண்டியது.

"மெதுவா போங்க அண்ணாச்சி, எனக்குக் கசங்குது," என்றது பின்னால் சுகமாக வந்துகொண்டிருந்த நாடா.

வெளிச்சம் வந்தது. இசக்கியம்மாள் ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்தாள். ஊக்கு முடிச்சுக்குப் பக்கத்திலிருந்த இடத்தைப் பார்த்தது.

"ஏலே, தள்ளி நில்லு," என்றது நாடா. "வெள்ளைத் துணி. துருக்கறை பட்டிரும்."

ஊக்கின் உடம்பில் அன்றைக்குத் துரு ஒரு புள்ளிகூடக் கிடையாது. அது வாயைத் திறப்பதற்குள் டப்பாவில் விழுந்துவிட்டது.

சொரிமுத்து பைஜாமாவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நாலு தடவை நடந்தார். "இடுப்புன்னு ஒண்ணு இருக்கதே தெரியலட்டி," என்றார். விடியும்போது அவரும் பைஜாமாவும் ஒரே மூலையில் கிடந்தார்கள். எதிர்வீட்டுக்காரி நிம்மதியாகத் துணி காயப்போட்டாள்.

டப்பாவுக்குள் ஊக்குக்கு மட்டும் நிம்மதி இல்லை. துருக்கறை என்று கேட்ட அன்று செவ்வாய்க்கிழமை, அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, நாடா சொன்னது ஏழு வார்த்தை. தினமும் அந்த ஏழையும் வரிசை தப்பாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டது. பட்டன்கள் முதலில் அனுதாபப்பட்டன. பிறகு ஒவ்வொன்றாக அடுத்த பக்கம் உருண்டு போய்விட்டன.

மூன்றாம் வாரம் துவைகல்லில் அடித்த அடியில் நாடாவின் ஒரு நுனி மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. சொரிமுத்து பைஜாமாவை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து நின்றார்.

"ஏட்டி, ஒரு பக்கத்து நாடாவைக் காணும்."

டப்பா திறந்தது. பைஜாமா மடிப்புக்குள்ளேயிருந்து நாடாவின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, இருக்கீங்களா?"

ஊக்கு மறுபடி முட்டி மோதி நாடாவை வெளியே கொண்டுவந்தது. இசக்கியம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "துவைக்குந்தோறும் இது ஓடும்," என்று சொல்லி, நாடாவையும் துணியையும் சேர்த்து அந்த ஊக்காலேயே முன்பக்கம் குத்திவிட்டாள். முடிச்சுக்குப் பக்கத்தில். சொன்ன அதே இடம்.

நல்ல வெளிச்சம், நல்ல காற்று. கொல்லைப்புறம்கூடத் தெரிந்தது.

"சௌகரியமா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டது நாடா.

"அன்னைக்கு நீ என்ன சொன்னே?"

"என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை. துருக்கறைன்னு சொன்னியே."

"அப்படியா சொன்னேன்? ஞாபகம் இல்லையே அண்ணாச்சி. அதான் இடம் கிடைச்சிட்டே, விடுங்க."

திட்டியதைக்கூட ஊக்கு பொறுத்திருக்கும். இருபத்தொரு நாள் தான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நாடா மறந்துபோயிருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. சொரிமுத்து மத்தியானச் சாப்பாட்டை முடித்து எழுந்த நேரம் பார்த்து, ஊக்கு வாயைத் திறந்து முழு பலத்தோடு பாய்ந்தது.

நாடா வளைந்து கொடுத்தது. வளைவதற்கு அதற்குச் சொல்லித்தர வேண்டுமா? அதற்குப் பின்னால் இருந்தது சொரிமுத்துவின் வயிறு.

"ஐயோ, கொன்னுட்டியேட்டி" என்று அவர் துள்ளிய துள்ளலில் தண்ணீர்ச் செம்பு உருண்டது.

இசக்கியம்மாள் ஊக்கைப் பிடுங்கி டப்பாவில் வீசினாள். ஊசியில் நூல் கோத்து, நாடாவின் நடுப்பகுதியை முதுகுப் பக்கத்து மடிப்போடு சேர்த்து நாலு தையல் அழுத்திப் போட்டாள்.

"இனி ஓடச் சொல்லுங்க பாப்போம்."

அதன் பிறகு நாடா ஓடவில்லை. எத்தனை அடி அடித்தாலும் ஓட முடியாது. கொல்லைக் கொடியில் காயும்போது இரண்டு நுனிகளையும் காற்றில் ஆட்டிக்கொண்டு பக்கத்துத் துண்டிடம் சொல்லும். "எத்தனை துவைப்பு வந்தாலும் இடத்தை விட்டு நகராதவன் நான். கொள்கைன்னு ஒண்ணு வேணும்லா."

டப்பாவில் எலாஸ்டிக் கண்ணைத் திறந்து பார்த்தது.

"குத்திட்டியாமே?"

"குத்திட்டேன்."

"அவனையா?"

ஊக்கு வாயை மூடிக்கொண்டது.