குளத்தில் எழுதிய புகார் மனு

மூக்கன்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் எதற்குச் சொல்ல வேண்டும், அவர்களே செய்து காட்டிவிடுவார்கள்.

அந்த ஊருக்கு வடக்கே பொட்டல்காட்டில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம். உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். பெரிய விமானங்கள் எல்லாம் மரியாதையாக மேகத்துக்கு மேலே போய்விடும். இதுவோ ஒரு மாவு மில்லைத் தகர டப்பாவில் அடைத்து வானத்தில் உருட்டிவிட்ட மாதிரி வரும். அது தலைக்கு மேலே போகும்போது கல்லில் கிடக்கும் தோசை தானே திரும்பிக்கொள்ளும். பல் விளக்குகிறவர்கள் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றால் போதும்.

ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. மாமியார்களும் மருமகள்களும் காலை ஆறரை மணிக்காகக் காத்திருந்து, அந்த இரண்டு நிமிஷத்தில் மனசில் உள்ளதையெல்லாம் முகத்துக்கு நேரே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஊருக்குள் அவ்வளவு ஒற்றுமை அதற்கு முன்பு இருந்ததில்லை.

பிடிக்காதது ஆவுடைத்தாயின் எருமைக்கு. அதன் பெயர் மயிலி. ஆவுடைத்தாய் செம்போடு குத்தவைத்துக் காம்பைத் தொடவும் விமானம் வரவும் சரியாக இருக்கும். மயிலி பாலை அப்படியே மேலே இழுத்துக்கொள்ளும். பிறகு அன்றைக்கு முழுவதும் ஒரு சொட்டு வராது.

டீக்கடைக்குப் பால் அங்கிருந்துதான். பத்து நாளாக ஊரே வரக்காப்பி குடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவுடைத்தாய் டீக்கடை முன்னால் வந்து நின்றாள். வருகிற செவ்வாய் போகட்டும், அதற்கடுத்த செவ்வாய்ச் சந்தைக்குள் பால் வராவிட்டால் எருமையை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிடுவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். கன்றாக இருந்தபோது மழையில் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்த எருமை அது.

கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் நெஞ்சு கலங்கிவிட்டது. மூத்தவர் கொம்பையா, தாலுகா ஆபீசுக்கு இரண்டு தடவை போய்வந்த அனுபவசாலி. அடுத்தவன் மாசானம், யோசிக்கும்போது வாய் திறந்துகொள்ளும். கடைசி தளவாய், ஊரிலேயே வேகமாகப் பனை ஏறுகிறவன். இறங்குவதற்குத்தான் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மறுநாள் மூன்று பேரும் விமானப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் இப்படிச் சொன்னார்: "வாயால சொன்னா நான் எதுவும் செய்ய முடியாது. முறைப்படி ஒரு மனுவா எழுதிக் கொடுங்க. விமானம் ஓட்டுறவர் படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி தெளிவா இருக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் புளியமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"விமானம் ஓட்டுதவரு படிக்கணும்னா, அவரு எங்க இருக்காரு?" என்றார் கொம்பையா.

"மேல இருக்காரு அண்ணாச்சி," என்றான் மாசானம்.

"அப்போ காகிதத்துல எழுதினா அங்கேருந்து தெரியுமால?"

மாசானம் வாயைத் திறந்து யோசித்தான். "எனக்குக் கையில வச்சுப் பாத்தாலே தெரியாது."

"உனக்கு எழுத்துத் தெரியாதுல, அதனால. நான் கேக்குதது தூரத்தை."

தளவாய் வழி சொன்னான். தண்ணீர் வற்றிக் கிடக்கும் குளத்துக்குள் சுண்ணாம்பால் எழுதிவிட்டால், தினமும் வருகிற மனுஷன் போகிற போக்கில் படித்துக்கொள்வார். தபால் செலவும் மிச்சம். கொம்பையா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கியது. மனு என்றால் முறை தவறக்கூடாது என்பது கொம்பையாவின் தாலுகா ஆபீஸ் படிப்பு. ஆகவே இடது மூலையில் ஆள் உயரத்துக்கு 'அனுப்புநர்' என்று போட்டார்கள். அதன் கீழே கொம்பையாவின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம். பிறகு மாசானத்துக்கு அதே மாதிரி. பிறகு தளவாய்க்கு. தளவாயின் மாவட்டம் வந்தபோது சுண்ணாம்பு தீர்ந்துபோனது.

புதன்கிழமை காலை விமானம் வந்தது. குளத்தில் ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்த விமானி, என்னவோ ஏதோ என்று கொஞ்சம் தாழ்ந்து ஒரு சுற்று சுற்றினார்.

"படிக்காரு," என்றார் கொம்பையா, காதைப் பொத்திக்கொண்டு. "நல்ல மனுஷன்."

அன்றைக்கு 'பெறுநர்' எழுதினார்கள். விமானியின் பெயர் தெரியாததால் 'மேலே போகிறவர் அவர்கள்' என்று போடலாம் என்றான் மாசானம். அது துக்கவீட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது என்று தளவாய் தடுத்தான். வெகுநேரம் வாதாடி 'மஞ்சள் விமானத்தில் முன்சீட்டில் உட்காருகிறவர் அவர்கள், வானம்' என்று முடிவானது.

விமானிக்கோ தமிழ் தெரியாது. வடக்கே எங்கிருந்தோ வந்தவர். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தின் இன்னொரு விமானத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த மாணவி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு விமானமும் பனை உயரத்துக்கு இறங்கி ஆளுக்கு ஐந்து சுற்று சுற்றின. அந்தப் பெண் முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு, 'வெறும் விலாசம்தான் இருக்கிறது, விஷயம் இனிமேல்தான் வரும்போல' என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கப்புறம் விஷயத்துக்காக அவர்கள் தினமும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று விமானம்.

தோசைகள் கல்லை விட்டே எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போயின. மாமியார் மருமகள்கள் பேச வேண்டியதெல்லாம் தீர்ந்துபோய், பழைய சங்கதிகளை மறுபடி தொடங்கினார்கள்.

'பொருள்' வெள்ளிக்கு, 'ஐயா' சனிக்கு. ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை எழுதினார்கள். 'தங்கள் சத்தத்தால் எங்கள் எருமை' வரைக்கும் வந்தபோது ஆவுடைத்தாய் கையில் நுரை ததும்பும் செம்போடு குளத்துக்குள் ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, மயிலி பால் விட்டுட்டு. மூணும் சேந்து தலைக்கு மேல சுத்துது, அது பாட்டுக்கு அசைபோட்டுக்கிட்டு நிக்கி. பழகிப்போச்சு போல. இனி மனு கினு ஒண்ணும் வேண்டாம், விட்டுருங்க."

மூன்று பேரும் சுண்ணாம்புக் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"பாதியில விடவா?" என்றார் கொம்பையா. "தாயீ, இது சர்க்கார் முறைப்படி எழுதுத மனு. கையெழுத்துப் போடாத மனு தலையில்லாத முண்டம். நாளைக்கு யாராவது கேட்டா என்ன பதில் சொல்ல?"

"அதான் பால் வருதே, அண்ணாச்சி."

"பால் வரும் போவும். மனு நிக்கும்."

திங்கட்கிழமை விடியும் முன்னே மிச்சத்தை எழுதி முடித்தார்கள். கையெழுத்துப் போடுகிற இடத்தில்தான் சிக்கல். மாசானம் கைநாட்டு. எழுத்தெல்லாம் ஆள் உயரம் இருக்கும்போது கட்டைவிரலை மட்டும் சின்னதாக வைத்தால் மரியாதையாக இருக்காது. ஆகவே மாசானத்தின் விரலைப் பிடித்து உற்றுப் பார்த்துப் பார்த்து, அதிலிருக்கிற ரேகையையெல்லாம் வட்டத்துக்குள் வட்டமாக, வீட்டுக்கூரை அளவுக்குச் சுண்ணாம்பில் வரைந்தார்கள்.

ஆறரைக்கு விமானி அந்த மாணவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாரமாக எழுதி எழுதிக் கடைசியில் சமதரையில் பெரிய வட்டமும் போட்டிருக்கிறார்கள். அதற்கு உலகத்தில் எந்த விமானிக்கும் ஒரே அர்த்தம்தான். இறங்கிவிட்டார்.

மாசானத்தின் ரேகை மேல் நிறுத்திவிட்டுக் கீழே வந்தார். மாணவி மனுவை முழுக்கப் படித்துச் சொன்னாள். விமானி தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவுடைத்தாய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார். நாளையிலிருந்து இந்தப் பக்கம் ஒரு விமானமும் வராது என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஊர் அமைதியாக இருந்தது. ஈ பறக்கிற சத்தம் கேட்டது. மாமியார்கள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

மயிலி வானத்தைப் பார்த்தது. காதை ஆட்டியது. மறுபடி வானத்தைப் பார்த்தது. ஒரு சொட்டுப் பால் விடவில்லை.

ஆவுடைத்தாய் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். சந்தைக்கு.

"கொஞ்சம் பொறு தாயீ," என்றார் கொம்பையா. "எருமைக்கு வேண்டியது சத்தம். அதை நாங்க போட மாட்டமா?"

மூன்று பேரும் மூன்று பனையில் ஏறி, முறத்தை இறக்கை மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு "டர்ர்ர்" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மயிலி திரும்பிப் பார்த்தது. ஆனால் பால் விடவில்லை.

"விமானம் சுத்தும் அண்ணாச்சி," என்று மாசானம் தன் பனையிலிருந்து கத்தினான். "நாம சுத்தலையே."

"பனை எப்படிலே சுத்தும்?"

தளவாய்தான் இதற்கும் வழி சொன்னான். பனை சுற்றாவிட்டால் என்ன, எருமை சுற்றட்டும். மயிலியைப் பனைகளைச் சுற்றி நடக்கவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் பால் இறங்கியது. ஆவுடைத்தாய் செம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே கூட ஓடினாள். எருமை சந்தைக்குப் போகவில்லை. டீக்கடையில் பால்காப்பி வந்தது.

அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு மூன்று பேரும் பனையில். நாலாம் நாள் பக்கத்து ஊர் பருத்திவிளைக்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். விமானம் போனதே நிம்மதி என்றிருந்தோம், இது அதைவிட மோசம், எங்கள் கோழிகள் முட்டையிட மறுக்கின்றன என்றார்கள்.

கொம்பையா பனை உச்சியில் இருந்தபடியே நிதானமாகச் சொன்னார்: "வாயால சொன்னா ஒண்ணும் செய்ய முடியாது. முறைப்படி எழுதிக் கொடுங்க."

அவர்களும் நம் ஆட்களுக்குக் குறைந்தவர்களா என்ன. சுண்ணாம்புக் கூடையோடு வந்து தங்கள் வயலில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நேற்றைக்கு 'பெறுநர்' வரைக்கும் வந்திருந்தது. எழுத்து கொஞ்சம் சின்னது போலிருக்கிறது. சரியாகத் தெரியவில்லை என்று மூன்று பேரும் பருத்திவிளைக்குப் பக்கத்திலிருக்கிற குட்டைப்பனைகளுக்கு மாறி, அங்கிருந்து கத்திக்கொண்டே படிக்கிறார்கள்.