சேராத இன்னொரு கை

நண்டு பேசினால் மனிதருக்கும், மனிதர் பேசினால் நண்டுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், ஆறு போய்க் கடலில் விழும் கழிமுகத்துச் சேற்றில் சேத்தான் என்று ஒரு நண்டு இருந்தான். உடம்பு கட்டைவிரல் அளவுதான். ஆனால் கை இரண்டும் உடம்பைவிடப் பெரியவை, இரண்டும் ஒரே அளவு. இன்றைக்கு அந்தச் சேற்றில் திரியும் நண்டைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்லிவிடுகிறேன்.

அவ்வளவு பெரிய கைகள் எதற்கு என்றால், கும்பிடத்தான். கழிக்கரை மேட்டில், பூவரச மரத்தடியில், முழங்கால் உயரக் கல்லாக முகத்துவாரத்தம்மன் நின்றிருந்தாள். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்ததும் சேத்தான் வளையை விட்டு வெளியே வருவான். கல்லைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்புவான். தண்ணீர் ஏறும் நேரத்திலும் அப்படியே. சாப்பாடெல்லாம் அப்புறம்தான்.

அவன் பெண்டாட்டி வண்டலிக்கு இரண்டும் சின்னக் கை. சேறு அள்ளித் தின்பதும் வளை தோண்டுவதுமாக அவள் பாடு போயிற்று. "நீயும் ஒரு தடவை கும்பிட்டா என்ன?" என்று சேத்தான் கேட்டால், "இதுக்கு வேலை இருக்குங்க, முடியட்டும்" என்று கையைக் காட்டுவாள். முடிகிற வேலையா அது.

வீட்டில் சேத்தானுக்கென்று இருந்தது ஒரே வேலை. தண்ணீர் ஏறுமுன் சேற்றை உருண்டையாக உருட்டி வளை வாசலை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் உள்ளே காற்று தங்கும். மேலே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் கவலையில்லை. அடைக்காவிட்டால் வளைக்குள் இருப்பவர் கதி அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில் வண்டலி வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு வளையின் அடியில் கிடந்தாள். முட்டைக்குள் குஞ்சுகளின் கண் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் நாலு நாளில் பௌர்ணமி. அன்றைக்கு அவற்றைத் தண்ணீரில் விட வேண்டும்.

மறுநாள் உச்சிப் பொழுதிலேயே வானம் இருண்டுவிட்டது. கொக்குகள் காலையிலேயே கழியை விட்டுப் போயிருந்தன. காற்று முதலில் கடல் பக்கமிருந்து வந்தது, பிறகு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

"ஏங்க, காலுக்கடியில மண்ணு அதிருது. வாசலை அடைச்சிட்டு உள்ள வாங்க" என்று வண்டலி கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அம்மனைக் கும்பிட்டுட்டு வந்துடறேன்."

"முதல்ல வாசலை அடைங்க."

"இத்தனை வருஷம் கும்பிட்டிருக்கேன், இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்க மாட்டாளா? நீ பேசாம கிட."

மேட்டுக்கு ஓடினான். கைகளைக் கூப்பினான். பயத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் கூப்பியபடி நின்றான். "என் பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாத்து தாயே" என்றான். மனசாரத்தான் கேட்டான், அதில் யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தபோது கடல் எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தது. பூவரசு வேரோடு சாய்ந்தது. கல்லும் அவன் மேலேயே சாய்ந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கியது. வெள்ளையம்மா என்று ஒருத்தி மேட்டுக்கு வந்தாள். கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவள். மூன்று நாளும் தன் ஏழு வயது மகள் ராக்குவைத் தேடி அலைந்தவள். அன்று காலையில்தான் பிள்ளை தாழம்புதரில் கிடைத்தது. புதைத்த மண் அவள் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. அம்மனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றுதான் வந்தாள். வந்து பார்த்தால், அம்மன் சேற்றில் குப்புறக் கிடந்தாள்.

கல்லைப் புரட்டினாள். அடியில் ஒரு குழிக்குள் சேத்தான் உயிரோடு இருந்தான். இடது கை நசுங்கிப் போயிருந்தது.

"உன்னை மட்டும் காப்பாத்தியிருக்கா பாரு" என்றாள்.

சேத்தான் வளை இருந்த இடத்துக்கு ஓடினான். அங்கே வாசல் இல்லை. மெழுகிவிட்ட தரைபோலச் சேறு கிடந்தது. ஒற்றைக் கையால் தோண்டினான். ஒரு முழ ஆழத்தில் வண்டலி கிடந்தாள். முட்டைகளை வயிற்றோடு அணைத்திருந்தாள். முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

வெகு நேரம் கழித்து மேட்டுக்குத் திரும்பினான். வெள்ளையம்மா இன்னும் அங்கேயே இருந்தாள். "தாயி, நான் வாசலை அடைக்கல. ரெண்டு கையும் கும்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. அடைச்சிருந்தா அவ பிழைச்சிருப்பா, இல்ல?"

"நான் அடைச்சேன்" என்றாள் வெள்ளையம்மா. "கதவைச் சாத்தி, உலக்கையைக் குறுக்கே போட்டு, பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கதவோட சேத்துப் பிள்ளையையும் கடல் வாரிக்கிட்டுப் போயிருச்சு."

"நீ கும்பிடலையா?"

"கும்பிடவும்தான் செஞ்சேன்."

அவள் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்து, கல்லைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள்.

"எதுக்குத் தூக்குற?" என்று கேட்டான் சேத்தான்.

"தெரியல. குப்புறக் கிடக்கிறதைப் பாக்கச் சகிக்கல."

பழைய இடத்திலேயே நிறுத்தினாள். முகத்துச் சேற்றைத் துடைக்கவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியது. பழக்கம் விடுமா, சேத்தானின் வலது கை தானாக மேலே போயிற்று. கூடச் சேர இன்னொரு கை இல்லை. தலைக்கு மேல் போன கை சற்று நின்றது, பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது.

சில மாதம் கழித்து அவன் பழைய ஓட்டைக் கழற்றியபோது இடப்பக்கம் புதுக் கை முளைத்திருந்தது. வண்டலியின் கைபோலச் சின்னக் கை. "கை வந்துருச்சே, இனிமே நீ பழையபடி கும்பிடலாம்" என்று அக்கம்பக்கத்து நண்டுகள் சந்தோஷப்பட்டன. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்திருக்கும். சேத்தான் சேர்க்கவில்லை. அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைக்கொண்டு ஒரு பிடி சேற்றை அள்ளி உருட்டினான்.

"இதுக்கு வேலை இருக்கு" என்றான்.

அன்று முளைத்த கைதான் இன்றைக்கும் கழிமுகத்து ஆண் நண்டுகளுக்கு இருப்பது. ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது. பெரிய கை வெறும் காற்றில் ஏறி ஏறி இறங்கும். கும்பிடுகிறது என்கிறார்கள் சிலர், ஏசுகிறது என்கிறார்கள் சிலர். இன்னொரு கை வந்து சேராததால் எதுவென்று யாருக்கும் தெரியாது. சின்னக் கை அந்தப் பக்கம் திரும்புவதேயில்லை. தண்ணீர் ஏறுமுன் அது சேற்றை உருட்டி வாசலை அடைத்துக்கொண்டிருக்கும்.