உறைமோருக்கும் வந்த கட்டளை

வெகுகாலத்துக்கு முன்னால், மலையும் ஏரியுமாகக் கிடந்த கொன்றைநாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் நிலைகொள்ளாதவர். காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதையே வேண்டாம் என்பார். அவர் அவையில் சந்தனநாதர் என்றொரு பிரபு இருந்தார். மந்திரி மாசிலாமணியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

இந்தச் சந்தனநாதர் ஒருமுறை துறைமுகப் பட்டணத்து வியாபாரி ஒருவர் வீட்டில் விருந்துண்டு திரும்பினார். அந்த வீட்டுச் சிக்கனத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் ராஜாவிடம் ஓடிவந்தார்.

“மகாராஜா! வீட்டில் இருக்கும் பழசைத் தீர்க்காமல் புதுசைத் தேடக் கூடாது. இரவல் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இதைக் கடைப்பிடித்தால் குடிமக்கள் கொழித்துப்போவார்கள்!”

“பேஷ்! இன்றைக்கே முரசறையுங்கள்!” என்றார் ராஜா. மந்திரி வாயைத் திறப்பதற்குள், “மறுத்துப் பேசுகிறவர் பதவி இழப்பார்” என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார்.

அவ்வளவுதான். சந்தனநாதரின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து பானைகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பழசு ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நின்று தின்று தீர்க்கச் சொன்னார்கள். அரண்மனைப் பக்கம் மட்டும் ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை. அங்கே எட்டிப்பார்க்க யாருக்குத் தைரியம்?

மாசிலாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. விதைக்கிற நேரமாயிற்றே, இந்தக் கட்டளை எங்கே போய் முட்டப்போகிறதோ என்று கவலைப்பட்டார்.

அப்போதுதான் ஏரிக்கரை ஊரிலிருந்து உலகாயி என்ற குடியானவப் பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“ஐயா, எங்க விதைநெல்லைப் பழசுன்னு சொல்லிட்டாங்க! நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள குத்தி உலையில போடணுமாம். இல்லேன்னா வீட்டுக்காரரைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களாம். அதைத் தின்னுட்டா நாங்க எதை விதைக்கிறது? வருஷம் பூரா என் புள்ளைங்க எதைத் தின்னும்?”

மந்திரியின் நடை இன்னும் வேகமானது. “பேசினால் என் பதவி போகும், போகட்டும். ஆனால் பேசினாலும் ராஜா கேட்கமாட்டாரே! வேறென்ன மிச்சம் வைத்திருக்கிறாய் அம்மா?”

“அடுக்குப்பானைக்குப் பின்னால ஒரு கிண்ணம் உறைமோரை ஒளிச்சு வெச்சிருக்கேன் ஐயா. ஊர்ல மத்த வீட்டு மோரையெல்லாம் குடிக்க வெச்சுட்டாங்க.”

மாசிலாமணி சட்டென்று நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அடி சக்கை! நாளை மத்தியானம் அந்தக் கிண்ணத்தோடு அரண்மனை வாசலில் வந்து நில். விதைநெல்லில் கை வைக்காதே!”

நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனார். “கட்டளை நமக்கும் உண்டு. இன்றைக்கு ஒரு சொட்டுத் தயிர்கூட மிஞ்சக் கூடாது. ராஜாவுக்கே பரிமாறிவிடுங்கள்” என்றார். ராஜாவுக்குத் தயிர் என்றால் உயிர். வழித்து வழித்துச் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்.

மறுநாள் மத்தியானம் இலையில் மாவடு வந்தது, சோறு வந்தது. தயிர் வரவில்லை.

“எங்கேடா தயிர்?”

சமையற்காரன் காலிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினான். “பிரபோ, பழசைத் தீர்த்தாயிற்று. உறை ஊற்ற மோர் இல்லை. எலுமிச்சை பிழிந்து பார்த்தோம், பால் திரிந்துபோயிற்று.”

“பக்கத்து வீட்டில் வாங்குவதுதானே!”

“இரவல் கூடாதென்று கட்டளை, மகாராஜா” என்றார் மாசிலாமணி. “வாங்கத் துணிந்தாலும் இந்த நகரத்தில் ஒரு வீட்டிலும் இல்லை. எல்லாரும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.”

ராஜா இலையை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். “நாடு முழுக்க ஒரு கிண்ணம் மோருக்கு வழியில்லையா?”

“ஒரே ஒரு வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரி வாசலில் நிற்கிறாள்.”

உலகாயி உள்ளே வந்தாள். கிண்ணத்தைக் கண்டதும் சந்தனநாதர் துள்ளினார். “பழசை ஒளித்து வைத்திருக்கிறாள்! குற்றவாளி! கட்டுங்கள் இவளை!”

“கட்டிவிட்டால் எனக்குத் தயிர் யார் தருவது, உம்முடைய வியாபாரியா?” என்று சீறிய ராஜா, கிண்ணத்தை வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

“குடிச்சுடாதீங்க மகாராஜா!” என்று உலகாயி கத்தியேவிட்டாள். “இப்ப குடிச்சா ஒரு மடக்கு. பால்ல விட்டா நாளைக்கு ஒரு பானை. எங்க விதைநெல்லும் இதே மாதிரிதான்!”

ராஜாவின் கை அப்படியே நின்றது.

மாசிலாமணி மெல்லச் சொன்னார்: “பட்டணத்து வியாபாரி பானையைக் கவிழ்த்தால் தெருமுனையில் கடை இருக்கிறது. இவள் வீட்டில் பானைதான் கடை, மகாராஜா.”

ராஜா கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்படியானால் உங்கள் ஊர்ச் சிக்கனம் என்னம்மா? நீயே சொல்.”

“பழசைத் தீர்க்கறோம், விதையை ஒதுக்கி வெச்சுட்டு. இரவல் குடுக்கறோம், உறைமோரும் அடுப்பு நெருப்பும். இன்னைக்கு நான் குடுத்தா, என் கிண்ணம் கவுந்த அன்னைக்கு அவங்க குடுப்பாங்க.”

“இதையே முரசறையுங்கள்!” என்றார் ராஜா. “உலகாயிக்கு ஒரு கறவைப் பசுவைக் கொடுங்கள். சந்தனநாதரே, அவள் வீட்டு விதைநெல்லை நீரே தலையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோம். சிந்தினால் குனிந்து பொறுக்க வேண்டியதும் நீர்தான்.”

சாயங்காலம் மழை கொட்டியது. விதைநெல் நனையாமலிருக்கப் பட்டு அங்கவஸ்திரத்தைக் கழற்றி மேலே போர்த்திவிட்டு, பிரபு சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தார். வரப்பில் நின்ற உலகாயி வீட்டுக்காரன், “பார்த்து வாங்க ஐயா, அது எங்க அடுத்த வருஷம்!” என்று பதறினான்.

மறுநாள் ராஜாவுக்குக் கட்டித் தயிர் வந்தது. ஆவலாக அள்ளி அள்ளிச் சாப்பிட்டவர், கடைசிக் கரண்டிக்கு வந்ததும் பானையைத் தள்ளி வைத்தார்.

“இதை யாரும் தொடக் கூடாது” என்றார். “நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள்!”